பெட்ரோல் பங்க் மனையின் வில்லங்கம்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் இருக்கிற அம்மாவுக்கு விளக்க ரொம்ப நாள் கஷ்டப்பட்டேன். மண் பரிசோதனை என்றால் விவசாய ஆபீஸ் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் போனில், "பழைய பெட்ரோல் பங்க் இருந்த எடம் இருக்குது இல்லம்மா, அந்த மண்ணுல தீட்டு இருக்குதா, எவ்ளோ ஆழத்துக்கு எறங்கியிருக்குது, திரும்ப அங்க வீடு கட்டலாமா கூடாதான்னு பாத்து எழுதிக் குடுக்கறது" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னது: "தீட்டுன்னு எழுதிக் குடுக்க உனக்கு சம்பளமா? நம்மள சம்பளம் இல்லாமயே எழுதி வெச்சிருக்கானுங்களே."

அந்தப் பேச்சுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். நான் பார்த்தது அமெரிக்காவில், கறுப்பின மக்கள் குடியிருந்து காலி செய்யப்பட்ட ஒரு தெருவின் ஓரத்தில்.

2016ஆம் வருசம். வட கரோலினா மாநிலத்தில் ஒரு நடுத்தர ஊர். ஊர்ப் பேரும் நான் வேலை பார்த்த கம்பெனியின் பேரும் இங்கே வேண்டாம். கடைவீதி முடிகிற இடத்தில், இரண்டு ரோடு சந்திக்கிற மூலை மனை, அரை ஏக்கருக்கும் குறைவு. பம்புகள் நின்ற சிமெண்ட் திட்டு இரண்டு, வெடிப்பெல்லாம் புல். 1930களில் திறந்த பங்க், 1980களின் நடுவில் மூடிவிட்டார்கள். முப்பது வருசம் அதை வாங்க ஆளில்லை. கடைசியில் நகரசபை வாங்கி ஏதாவது கட்டலாம் என்று யோசித்தது. வாங்குவதற்கு முன்னால் மண் எப்படி இருக்கிறது என்று பார்க்க எங்களைக் கூப்பிட்டது.

இப்படிக் கெட்டுப்போய்க் கிடக்கிற, கெட்டுப்போயிருக்கும் என்ற பயத்தாலேயே யாரும் தொடாத மனைகளைப் பழுப்பு நிலம் என்கிறார்கள். நாடு முழுக்க நாலரை லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்குச் சொல்கிறது. அதில் சுமார் பாதி பெட்ரோலால் கெட்டது. அதிலும் பெரும்பாலானவை பழைய பங்குகள். ஊர் நடுவிலே இருக்கிற இடத்தைத் தொட ஆளில்லை என்பது எனக்குப் புது அனுபவம். எங்கள் பக்கத்தில் தொடாத இடமெல்லாம் ஊருக்கு வெளியே, ஓடைக்கு அந்தாண்டைதான் இருக்கும்.

இந்த வேலையில் முதல் கட்டம் முழுக்கக் காகிதம். இதற்கான நடைமுறையை 1993ல் எழுதி வைத்தார்கள், அதற்கப்புறம் பலமுறை திருத்தியிருக்கிறார்கள். முதல் கட்டத்தில் ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்கமாட்டோம், வரலாற்றைத்தான் எடுப்போம். மனை யார் கையில் இருந்தது, என்ன தொழில் நடந்தது, தொட்டி எங்கே புதைத்தார்கள், பக்கத்தில் என்ன இருந்தது. பழைய வரைபடம், பழைய விலாசப் புத்தகம், விமானத்திலிருந்து எடுத்த படம், பத்திரம், கூடவே அக்கம்பக்கத்தில் வயசானவர்களிடம் விசாரணை. ஒருவிதத்தில் நானும் சரித்திரம் எழுதித்தான் சம்பாதித்தேன். ஆனால் அது யாருக்காக எழுதுகிற சரித்திரம் என்பதையும் சொல்லியாகவேண்டும். வாங்குகிறவனுக்கும் அவனுக்குக் கடன் கொடுக்கிற பேங்குக்கும். முறையாக விசாரித்துவிட்டுத்தான் வாங்கினேன் என்று காட்டினால், முந்தியவன் கொட்டின விஷத்துக்கு வாங்கினவன் பொறுப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு அந்தக் காகிதம் எழுதப்படுவதே இல்லை.

முதலில் சான்பார்ன் வரைபடம். தீ விபத்து இன்சூரன்சுக்காக 1867 முதல் அந்தக் கம்பெனி அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான ஊர்களை வீடு வீடாக வரைந்து வைத்தது. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். பூமிக்குள் பெட்ரோல் தொட்டி இருந்தால் சின்ன வட்டம் போட்டுப் பக்கத்தில் இரண்டு எழுத்து எழுதுவார்கள். எங்களுக்கு அந்த வட்டம்தான் வேண்டும். பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு தேடினேன். மூன்று வட்டம் இருந்தது. அதற்குப் பின்னால் மனையை ஒட்டிச் சின்னச் சின்ன மஞ்சள் சதுரங்கள், வரிசையாக. அதன்மேல் 'நீக்ரோ குடியிருப்பு' என்று எழுதியிருந்தது. பெட்ரோல் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற அதே பேனா, அதே மை. இன்சூரன்ஸ்காரனுக்கு இரண்டுமே தெரியவேண்டிய சங்கதிகள்தான்.

அடுத்தது விலாசப் புத்தகம். வருசா வருசம் அச்சிட்டது. இந்த நம்பர் கட்டடத்தில் எந்த வருசம் யார் பங்க் நடத்தினார் என்று அதில்தான் பார்ப்போம். தென்மாநிலங்களின் பழைய விலாசப் புத்தகங்களில் கறுப்பர் பேருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோ, அடைப்புக்குள் ஒரு எழுத்தோ இருக்கும். சலவைக்காரி, போர்ட்டர், புகையிலைத் தொழிலாளி, சமையல்காரி என்று தொழிலும் போட்டிருக்கும். மனைக்குப் பின்னால் இருந்த தெரு முழுக்க அந்தக் குறிதான். எங்கள் ஊர் ஓட்டர் லிஸ்டில் காலனி என்று தலைப்புப் போட்டிருப்பது ஞாபகம் வந்தது.

மூன்றாவது பத்திர ஆபீஸ். நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போலத்தான், மூலப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாறலாகத் தேட வேண்டும். எங்கள் மனையின் பத்திரத்தில் ஒன்றும் விசேசமில்லை. அதே புத்தகத்தில் சில பக்கம் தள்ளி, ஊரின் வேறொரு பகுதியில் மனை பிரித்து விற்ற பத்திரம் கண்ணில் பட்டது. நீக்ரோ இரத்தம் உள்ள எவரும் இந்த இடத்தில் குடியிருக்கக்கூடாது, வீட்டு வேலைக்காரர் தவிர, என்ற அர்த்தத்தில் ஒரு விதி. இப்படிப்பட்ட விதிகளைக் கோர்ட் அமல்படுத்தக்கூடாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1948ல் ஷெல்லி வழக்கில் சொன்னது. அமல்தான் நின்றது. எழுத்து அந்தப் புத்தகத்திலேயே கிடக்கிறது.

விமானப் படங்கள் வேகமாகக் கதை சொல்லும். 1955 படத்தில் பங்குக்குப் பின்னால் கூரைகள் நெருக்கமாக. 1972 படத்தில் ஒரு கூரைகூட இல்லை, வெள்ளையாக ஒரு பொட்டல், அதை வெட்டிக்கொண்டு அகலமான ரோடு. 1949ல் வந்த வீட்டுவசதிச் சட்டத்தின் பேரில் 'நகரப் புதுப்பிப்பு' என்று சொல்லி நாடெங்கும் இதைத்தான் செய்தார்கள். ஜேம்ஸ் பால்ட்வின் 1963ல் ஒரு பேட்டியில் அதற்கு நீக்ரோ அகற்றல் என்றுதான் அர்த்தம் என்றார். அதே மாநிலத்தில் டர்ஹாம் நகரத்தில் ஹேட்டி என்கிற கறுப்பர் பகுதி, சொந்தமாகக் கடை, தியேட்டர், ஆஸ்பத்திரி என்று பேர்பெற்ற பகுதி, 1950களின் கடைசியிலிருந்து இடிக்கப்பட்டு நடுவில் விரைவுச் சாலை போடப்பட்டது. 4,000க்கும் மேற்பட்ட குடும்பங்களும் 500 வியாபாரங்களும் போயின என்பார்கள். புதுப்பிக்கிறேன் என்றவன் இடித்ததோடு சரி.

காகிதமெல்லாம் முடிந்து விசாரணைக்குப் போனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்பர் சர்ச். அதை ஒட்டின வீட்டில் எண்பது வயசைத் தொட்ட ஒரு பெண்மணி. அந்தப் பக்கம் பெரியவர்களை 'மேம்' என்றுதான் கூப்பிடவேண்டும், கூப்பிட்டேன். மனசுக்குள் ஆயா என்றுதான் வந்தது. இடித்த தெருவில் பிறந்து வளர்ந்தவர். எந்த வருசம் தொட்டி மாற்றினார்கள், கசிவு, தீ விபத்து ஏதாவது ஞாபகமிருக்கிறதா என்று என் பாரத்தில் இருக்கிற கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். அவர் வேறு பக்கம் போனார்.

"எங்கப்பா அங்கதான் வண்டிக்கு பெட்ரோல் போடுவாரு. காசு வாங்குவான். என் தங்கச்சிக்கு அவசரம்னா கக்கூஸ் கதவு மூடியிருக்கும். எங்க வீடு பின்னாலயே, அதனால ஓடி வந்துருவோம். வெளியூர்க்காரங்க பாவம், எங்க வீட்டுக் கதவத்தான் தட்டுவாங்க."

பங்க் கக்கூஸ் என்பது சின்ன விசயமில்லை. கார் வாங்கினால் பஸ்ஸில் பின் சீட்டு அவமானம் போகும் என்று கறுப்பர்கள் நம்பினார்கள். கார் வந்ததும் அவமானம் பங்குக்கு இடம் மாறியது. எங்கே நிறுத்தலாம், எங்கே தூங்கலாம் என்பதற்காக ஹார்லெமில் குடியிருந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936ல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார். பச்சைப் புத்தகம் என்று பேர், 1960களின் நடு வரைக்கும் வந்தது. அதை எஸ்ஸோ பங்குகளில் விற்றார்கள். மிசிசிப்பியில் டி.ஆர்.எம். ஹோவர்டு என்கிற கறுப்பு டாக்டர் தலைமையில் இருந்த நீக்ரோ தலைமைக்கான வட்டாரக் கவுன்சில் 1952ல் ஒரு இயக்கம் எடுத்தது. கக்கூஸ் போக விடாத இடத்தில் பெட்ரோல் போடாதே. இதைச் சொல்கிற ஸ்டிக்கர்கள் ஆயிரக்கணக்கில் கார் பம்பர்களில் ஏறின. அப்போது இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்த மெட்கர் எவர்ஸ் அதில் ஓடியாடி வேலை செய்தவர். பல பங்குகள் கறுப்பர்களுக்குக் கக்கூஸ் கட்டவேண்டி வந்தது, தனியாகத்தான், ஆனாலும் கட்டின. எவர்ஸை 1963 ஜூன் 12ஆம் தேதி அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருசம் வந்த குடியுரிமைச் சட்டத்தில், பாகுபாடு காட்டக்கூடாத இடங்களின் பட்டியலில் ஓட்டல், தியேட்டரோடு பெட்ரோல் பங்க் என்ற சொல்லும் இருக்கிறது. அந்த ஒரு சொல் சட்டத்தில் ஏற எவ்வளவு பேர் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்க வேண்டும்.

அந்த அம்மா கடைசியில் சொன்னதுதான் எனக்கு முக்கியம். "வேஸ்ட் ஆயில எங்க ஊத்துவான் தெரியுமா? பின்பக்கம் எங்க வேலிய ஒட்டி ஒரு பள்ளம் இருந்துச்சு. அதுல. மழை பேஞ்சா எங்க தோட்டத்துல கலர் கலரா ஓடும். வாசல் கெணத்துத் தண்ணி வாடை வரும், அம்மா துவைக்கிறதுக்கு மட்டும் எடுக்கும்."

எழுதிக்கொண்டு வந்தேன். எனக்கு மேலே இருந்தவர் படித்துவிட்டு, கக்கூஸ் சமாச்சாரம் நம் வேலையில்லை, பள்ளம் ஒரு வரைபடத்திலும் இல்லை, சின்ன வயசு ஞாபகத்தை வைத்துத் துளை போடக் காசு தரமாட்டார்கள் என்றார். அவர் கெட்ட மனுசன் இல்லை. பட்ஜெட்டில் ஆறு துளைதான். பாரத்தில் அந்த இடத்தில், 'அருகில் வசிப்பவர் விசாரிக்கப்பட்டார், கூடுதல் தகவல் இல்லை' என்று எழுதினேன். நான்தான் எழுதினேன்.

இரண்டாவது கட்டத்தில்தான் மண்ணைத் தொடுவோம். குழாயை இறக்கி அடிக்கிற மெஷின், ஒவ்வொரு நாலடிக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் மண் மேலே வரும். அதை நீளவாக்கில் கீறி, ஆவியை முகர்கிற கருவியை மேலே நகர்த்திக்கொண்டே போவோம். பெட்ரோல் ஊறின மண் சாம்பலும் பச்சையுமாக நிறம் மாறியிருக்கும், கருவிக்கு முன்னால் மூக்குக்கே தெரிந்துவிடும். பழைய தொட்டிகள் வெறும் இரும்பு, பூச்சுகூடக் கிடையாது. இருபது வருசத்தில் துரு ஓட்டை போட்டுவிடும். கசிந்த பெட்ரோல் கீழே இறங்கி நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். மழைக்கும் வெயிலுக்கும் தண்ணீர் மட்டம் ஏறி இறங்க, அதுவும் கூட ஏறி இறங்கி மண்ணில் பட்டைபட்டையாகத் தீற்றிவைக்கும். அதில் கரைகிற பென்சீன்தான் எமன். ரத்தப் புற்றுநோய் தரும். குடிநீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம். மேலே கட்டடம் கட்டினால் தரை வெடிப்பு வழியாக ஆவி உள்ளே ஏறும். பழைய பங்கு என்றால் ஈயமும் பார்க்கவேண்டும். 1923 முதல் பெட்ரோலில் ஈயம் கலந்து விற்றார்கள், ரோட்டு வண்டிகளுக்கு அதை முழுக்கத் தடை செய்தது 1996ல்.

சட்டம் வந்த கதையும் இதே லட்சணம். விஷக் கழிவு இடங்களைச் சுத்தம் செய்ய 1980ல் பெரிய சட்டம் கொண்டுவந்தார்கள், சூப்பர்ஃபண்ட் என்று பேர். அதிலே பெட்ரோலுக்கு மட்டும் விலக்கு. எண்ணெய்க் கம்பெனிகளின் கை எவ்வளவு நீளம் என்று அதிலேயே தெரியும். பூமிக்குள் இருக்கும் தொட்டிகளைப் பற்றிச் சட்டம் வர 1984 ஆனது. கசிவைச் சுத்தம் செய்ய 1986ல் ஒரு நிதி, காலனுக்குப் பத்தில் ஒரு சென்ட் வரி. 1998 டிசம்பர் 22க்குள் பழைய தொட்டியை மாற்று அல்லது மூடு என்றார்கள், சின்னப் பங்குகள் கொத்துக்கொத்தாக மூடின. இதுவரை 5,70,000க்கும் மேற்பட்ட கசிவுகள் பதிவாகியிருக்கின்றன. 2002ல்தான் பழுப்பு நிலச் சட்டத்தில் பெட்ரோல் மனைகளுக்கும் பணம் கிடைக்க வழி வந்தது. இதற்கு நடுவில் 1982ல், அதே வட கரோலினாவில், வாரன் கவுண்டியில், நச்சு மண்ணைக் கறுப்பர்கள் அதிகம் வாழ்கிற இடத்தில் கொட்ட வந்த லாரிகளுக்கு முன்னால் சனங்கள் படுத்தார்கள், 500க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். விசக் கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்பதை நிறம்தான் தீர்மானிக்கிறது என்று 1987ல் ஐக்கிய கிறிஸ்து சபையின் அறிக்கை எண்ணிக்கையோடு சொன்னது அதற்கு அப்புறம்தான்.

எங்கள் ஆறு துளையும் தொட்டி இருந்த பக்கமும் பம்பு இருந்த பக்கமுமே போனது. இரண்டில் பென்சீன் அதிகம், மற்றது சுமார். பரவாயில்லை என்ற முகத்தோடு எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

அதற்கப்புறம்தான் மறுபயன்பாடு என்ற கேள்வி. வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி இங்கே இருக்கிறது. மண்ணை எவ்வளவு சுத்தம் செய்வது என்பது மண்ணைப் பொறுத்ததில்லை, யார் அங்கே இருக்கப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வீடு என்றால் வருசத்துக்கு 350 நாள், 26 வருசம் இருப்பார்கள், குழந்தை ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் மண் வாயில் போட்டுக்கொள்ளும் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். கடை, ஆபீஸ் என்றால் வேலைக்காரர் 250 நாள், 25 வருசம், குழந்தை கணக்கில் இல்லை. அதனால் வணிக உபயோகத்துக்குக் கூடுதல் விஷத்தை விட்டுவைக்கலாம். மேலே தார் போட்டு மூடிவிட்டால் இன்னும் சுலபம்.

சர்ச்காரர்கள் அந்த மனையில் இடிபட்ட தெருவின் வயசானவர்களுக்குச் சின்ன வீடுகளும் ஒரு கிளினிக்கும் கேட்டார்கள். கூட்டத்தில் எங்கள் அறிக்கையைத்தான் தூக்கிக் காட்டினார்கள். வீடு என்றால் மண்ணைத் தோண்டி எடுக்க இவ்வளவு ஆகும், கார் நிறுத்துமிடம் என்றால் இவ்வளவுதான். கார் நிறுத்துமிடம் ஜெயித்தது. முதலில் பெட்ரோல் ஊற்றி வீட்டைக் கெடுத்தார்கள், பிறகு வீட்டை இடித்தார்கள், இப்போது பெட்ரோல் இருப்பதால் வீடு கட்ட முடியாது என்கிறார்கள். இதைச் சொல்ல அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை.

மறுபயன்பாட்டுக்குக் காசே இல்லை என்றும் சொல்லமுடியாது. மிசிசிப்பியில் மணி என்கிற ஊரில், 1955ல் எம்மெட் டில் என்ற பதினாலு வயசுப் பையன் கொல்லப்படக் காரணமான பிரையன்ட் மளிகைக் கடை சிதைந்து விழுந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு பழைய பெட்ரோல் பங்க். 2011ல் குடியுரிமை வரலாற்றுச் சின்னங்களுக்கான மாநில நிதியிலிருந்து இரண்டு லட்சம் டாலருக்கு மேல் அந்தப் பங்குக்குக் கொடுத்துப் புதுசு போலப் பளபளவென்று ஆக்கிவிட்டார்கள். கொலைக்கும் அந்தப் பங்குக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. இரண்டு கட்டடமும், கொலைகாரர்களை விடுவித்த ஜூரிகளில் ஒருவரின் குடும்பத்துச் சொத்து. பங்கைப் பார்த்தால் அந்தக் காலம் இனிமையாக இருந்ததுபோல் தோன்றும்.

இரண்டு வருசம் கழித்து, தார் போடுவதற்கு முன்னால் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டினார்கள். மனையின் பின்கோட்டை ஒட்டி, எட்டடி அகலத்துக்குக் கறுப்பு மண், பிழிந்தால் எண்ணெய் சொட்டுகிற மாதிரி. வரைபடத்தில் இல்லாத பள்ளம். வேலையை நிறுத்தி, அவசரமாகச் சோதித்து, கொஞ்சம் அள்ளி, மிச்சத்தை மூடினார்கள். அம்மா சொன்ன இடத்தில் அன்றைக்கே ஒரு துளை போட்டிருந்தால் கூட்டத்தில் பேசின தொகையே வேறு. அது வீட்டுக்குச் சாதகமாக இருந்திருக்குமா பாதகமாகவா என்பது வேறு விசயம். ஆனால் அந்தத் தோட்டத்தில் விளைந்ததைத் தின்றவர்கள், அந்தக் கிணற்றில் துவைத்தவர்கள் எத்தனை பேர், இப்போது எங்கே, என்ன நோயில் போனார்கள் என்று யாராவது கேட்டிருக்கக்கூடும்.

அந்த மாநிலத்தில் பெட்ரோல் மிச்சமிருக்கிற மனைக்கு மிச்ச பெட்ரோல் அறிவிப்பு என்று ஒன்றைப் பத்திர ஆபீசில் பதிவு செய்யவேண்டும். இந்த இடத்தில் கிணறு தோண்டக்கூடாது, வீடு கட்டக்கூடாது என்ற மாதிரி விதிகள் அதில் இருக்கும். யார் குடியிருக்கக்கூடாது என்று எழுதிவைத்த அதே ஆபீஸ், அதே அலமாரி வரிசை. வேலையை விட்டபிறகு அதில் ஒரு நகல் வாங்கிக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். மூன்று வருசத்துக்கு முன்னால் நான் எழுதின வரியையும் சொன்னேன். கூடுதல் தகவல் இல்லை என்று எழுதிவிட்டேன் மேம் என்றேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருந்த வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கோடு போட்டுக் காட்டியிருந்த பள்ளத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது தப்பு. இன்னும் கெழக்கால வரணும். எங்க சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா" என்றார். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவரே சரியான இடத்தில் ஒரு கோடு போட்டார், அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சதுரம், வீடு. பதிவில் இருக்கிற பிரதியில் அந்தக் கோடு இல்லை.